ஐஸ்கிரீம் திருடர்களும் நீங்கள் சொன்ன கடைசி வார்த்தையும்

என் அருமை மாமாவுக்கு,

நாம் இரண்டு வருடமாகக் காத்திருந்த ஐஸ்கிரீம் திருடர்கள் கேமின் இரண்டாம் பாகம் போன மாதம் வந்துவிட்டது. அதே சின்ன ஊர், அதே மூன்று கால் பச்சை ஜந்துக்கள், அதே பறக்கும் தட்டு. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து ஊரில் உள்ள ஐஸ்கிரீம் வண்டிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து அவர்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு கே.கே. நகர் வீட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். "மாப்ள, ஆன் பண்ணு. இன்னைக்கு ஒருத்தனையும் விடக்கூடாது" என்றிருப்பீர்கள்.

இதை நம் கேம் விமர்சனப் பக்கத்திலேயே போடுகிறேன். விமர்சனம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும் வாசகர்களும் படிப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் எழுதுவது என் அக்கா வீட்டுக்காரருக்கு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் 'மாமா சொல்றார்' என்று வரும் நாலு வரி அவருடையது. போன வருடம் காந்தி மார்க்கெட்டில் கத்திக்குத்தில் செத்துப்போனார். கூட இருந்தவன் நான்.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதச் சொன்னது அக்காதான் மாமா. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கேம்.

சுடுவது இந்த முறை நன்றாக இருக்கிறது. முதல் பாகத்தில் "அடிச்சா அடி விழுந்த மாதிரி இருக்கணும் மாப்ள, இது என்ன வாசல் தெளிக்கிற மாதிரி இருக்கு" என்று திட்டினீர்களே, அது செய்தவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். காற்றடிக்கும் துப்பாக்கி என்று புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஜந்துவின் வயிற்றில் குழாயைச் செருகிக் காற்றடித்தால் அது உப்பிக்கொண்டே போய், கண் பிதுங்கி, வெடிக்கிறது. பக்கத்தில் நிற்பவன் முகமெல்லாம் பச்சைக் கூழ். அவன் அதை வழித்துவிட்டுத் தும்முகிறான். தும்மும்போதே அவனையும் முடிக்கலாம். ஒரு பாலத்தில் எழுபது எண்பது பேரை வரவிட்டு, மேலே இருந்து ஐஸ்கிரீம் லாரியை உருட்டி நசுக்கினேன். கால்கள் மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரித்தேன்.

ஐந்தாவது கட்டத்துக்கு மேல் அரைத்த மாவையே அரைக்கிறார்கள். கஷ்டமாக்க வேண்டுமென்றால் ஆளைக் கூட்டிவிட்டால் போதும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சத்திரம் போகிற டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறினால் அதற்குப் பெயர் சாகசமா? ஜோக்குகள் முதல் மூன்று மணி நேரத்துக்குத்தான், நாற்பதாவது தடவை கேமின் கதாநாயகி "குளிருதா கண்ணு?" என்று கேட்கும்போது அவளைச் சுடலாமா என்று தோன்றுகிறது. தனியாக ஆடுபவனுக்குத் துணையாகக் கம்ப்யூட்டர் ஓர் ஆளைத் தருகிறது. அவன் சுவரைப் பார்த்துச் சுடுகிறான். மூன்று வாரம் அவனோடு ஆடினேன். உங்களோடு ஆடியவனுக்கு அது பெரிய தண்டனை.

ஆனால் என் உண்மையான சண்டை இந்தக் குறைகளோடு இல்லை. விழுந்தவரைச் சுற்றி வரும் அந்த வட்டத்தோடுதான்.

முதல் பாகத்தில் அடிபட்டு விழுந்தவருக்கு முப்பது நொடி. தலைக்கு மேல் ஒரு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது முடிவதற்குள் இன்னொருவர் பக்கத்தில் போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எழுந்துவிடுவார். தொடங்கின புதிதில் நீங்கள் விழுந்ததும் நான் பதறி ஓடி வருவேன். குனிந்த என் முதுகில் சுடுவார்கள். இரண்டு பேரும் காலி. நாலைந்து தடவை அப்படிச் செத்த பிறகு ஒரு சட்டம் போட்டீர்கள். அக்கா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள் என்பதால் ரகசியக் குரலில்தான் கத்துவீர்கள்: "என்னை விடு, அவனைப் பிடி." முதலில் சுற்றி இருப்பவனை எல்லாம் முடிக்க வேண்டும். அப்புறம் வந்து தூக்க வேண்டும். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள். எத்தனை தடவை அதைக் கேட்டிருப்பேன்?

இரண்டாம் பாகத்தில் அந்த முப்பது நொடியை ஒரு முழு நிமிடமாக்கியிருக்கிறார்கள். விழுந்தவர் படுத்தபடியே ஜோக் அடிக்கிறார். நீங்கள் நிதானமாக ஊரையே கொன்று தீர்த்துவிட்டு வரலாம். அதைப் பார்த்த அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மார்க்கெட்டில் நடந்ததை உங்களுக்கே சொல்வது விசித்திரமாக இருக்கிறது. ஆனால் பாதி நடந்தபோது நீங்கள் அங்கே இல்லை. அல்லது நான் இல்லை.

காலை பத்து மணி. சித்தப்பா வீட்டு வளைகாப்புக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தோம். நீங்கள் சின்ன வெங்காயத்தைக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பின்னால் வந்த பைக்கின் ஹேண்டில்பார் உங்கள் முழங்கையில் இடித்தது. "பாத்துப் போங்க தம்பி" என்றீர்கள். அவ்வளவுதான். ஓட்டியவன் திரும்பி உங்கள் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். நீங்கள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நான்தான் போய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். முதல் அடி என்னுடையது. போலீஸிடம் 'தள்ளுமுள்ளு' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் வாழைத்தார் அறுக்கும் கத்தி இருந்தது. ஒளித்து வைத்திருந்ததெல்லாம் இல்லை. வேலைக்கு வந்தவன், கையிலேயே வைத்திருந்தான். நீங்கள் நடுவில் வந்து என் நெஞ்சில் கைவைத்து "விடு மாப்ள, விடு" என்று தள்ளினீர்கள். திரும்பி அவனிடமும் கையெடுத்துக் கும்பிடப் போனீர்கள். அவன் குனிந்த மாதிரி இருந்தது. கத்தி உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. உங்கள் அடித்தொடையிலிருந்து அது வெளியே வந்ததைத்தான் பார்த்தேன். பின்னாலேயே ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது.

வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தொடையில்தானே என்று நினைத்தேன். வயிறு இல்லை, நெஞ்சு இல்லை, தொடை. நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். உங்கள் தலைக்கு மேல் அந்த வட்டம் இருப்பதாகவே நினைத்தேன் என்று சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள், ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"மாப்ள, வா. இங்க வா."

நான் ஓடினேன். உங்களிடம் இல்லை.

பைக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். நான் கத்திக்காரன் பின்னால் ஓடினேன். தேங்காய் மண்டி வழியாகப் போனான். யாருடைய கடை என்று தெரியவில்லை, தராசுப் பக்கம் இருந்த ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்துக்கொண்டேன். முதுகில் போட்டேன், விழுந்தான். புரட்டிப் போட்டுத் தாடையில் அடித்தேன். எலும்பு உடைந்தது ஈரமான சத்தமாகக் கேட்டது. வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாக என் செருப்பில் விழுந்தது. மொத்தம் நாலு அடி. இரண்டாவது அடியிலேயே கத்தியை விட்டுவிட்டான். மூன்றும் நாலும் எனக்காக அடித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் ஒரு வருடமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஐந்தாறு பேர் சேர்ந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள். தோளில் தட்டினார்கள். "விடல பாரு, மச்சினன்னா இவன் மச்சினன்" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பாராட்டோடு திரும்பி வந்தேன். நீங்கள் சாய்ந்து கிடந்தீர்கள். ரத்தத்தில் வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மூட்டை தூக்குகிற ஒருவர், அறுபது வயது இருக்கும், தன் தலைத்துண்டால் உங்கள் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் அந்தப் பக்கமே ஓடிட்டீங்களே தம்பி" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "கட்டினது லேட்டுங்க. குத்துப்பட்ட உடனே யாராச்சும் ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சிருந்தா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்கியிருப்பாரு. பக்கத்துல யாரும் இல்லையா?"

"இல்ல சார்" என்றேன்.

அக்கா ஓடி வந்தாள். அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "கடைசியா என்னடா சொன்னாரு?" வாயைத் திறந்தேன். தானாக வந்தது. "'என்னை விடு, அவனைப் பிடி'ன்னு சொன்னாருக்கா."

நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை மாமா. உங்கள் குரலில் அத்தனை தடவை கேட்ட வாக்கியம். என்ன, சோபாவில் உட்கார்ந்து சொன்னதை வெங்காய மூட்டையில் சாய்ந்து சொன்னதாக மாற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தெருமுனையில் ஒன்று, மார்க்கெட் வாசலில் ஒன்று. உங்கள் கல்யாண போட்டோ. கீழே பெரிய எழுத்தில், 'என்னை விடு, அவனைப் பிடி என்று சொல்லிச் சாய்ந்த சிங்கமே.' நீங்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். வீட்டில் கரப்பான் பூச்சியை அடிக்க அக்காவைக் கூப்பிட்ட ஆளைச் சிங்கமாக்கிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, அவர் சொன்னதைச் செய்துவிட்டாய் என்றார்கள். அக்காவும் அப்படித்தான் நம்பினாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வருடத்தைத் தள்ளினாள். தன் புருஷன் தைரியமாகப் போனார், தன் தம்பி விடாமல் துரத்தினான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருடத் திதி நெருங்கிவிட்டது, முதலாம் ஆண்டு ஃப்ளெக்ஸுக்கு அதே வரியைப் போடச் சொல்லியிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் ஆட்டும் குச்சி நழுவாமல் இருக்கச் சிவப்பு டேப் சுற்றி வைத்திருப்பீர்களே, அந்த உங்கள் கன்ட்ரோலரை எடுத்தாள்.

"விமர்சனம் எழுதறேன் எழுதறேன்னு எத்தனை நாள்டா? ரெண்டு ஆள் வேணும்னா நான் ஆடறேன். எதை அமுக்கணும் சொல்லு."

வாழ்நாளில் கேம் பக்கம் எட்டிப் பார்க்காதவள். தரையைச் சுட்டாள், வானத்தைச் சுட்டாள், என்னைச் சுட்டாள். ஒரு ஜந்து உப்பி வெடித்தபோது ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆறாவது கட்டத்தில் பெரிய ஜந்து ஒன்று வந்து அவளை அடித்துப் போட்டது.

"செல்வா, விழுந்துட்டேன். வா."

"இருக்கா, இவனை முடிச்சுட்டு வரேன்."

"வட்டம் சுத்துதுடா. வாடா இங்க."

நான் முடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடமும் எனக்குப் போதவில்லை. அவள் வட்டம் அணைந்துபோனது.

"கூப்பிட்டேன்ல, ஏன்டா வரல?" விளையாட்டாகத்தான் கேட்டாள்.

திரையைப் பார்த்தபடியே சொன்னேன். "இந்த கேம்ல அப்படித்தான்கா. தூக்க வந்தா ரெண்டு பேரும் காலி. மாமாவே சொல்வாரு, என்னை விடு, அவனைப் பிடின்னு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இது அவரு கேம்ல சொல்றதா?"

என் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு என்ன சொன்னாரு? உண்மையச் சொல்லு."

"'மாப்ள, வா. இங்க வா'ன்னாரு."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"நீ போகல."

"போகல."

கன்ட்ரோலரை என் முகத்தில் எறிந்தாள். இரண்டு கை தூரத்திலிருந்து, முழு பலத்தோடு. இடது புருவம் பிளந்தது. எழுந்து வந்து தலையிலும் தோளிலும் இரண்டு கையாலும் அடித்தாள். தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன உரிமை? ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தில் வழிந்து, நீங்கள் உட்காரும் இடத்தில் சொட்டியது. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. நாற்காலியில் காய்ந்த துண்டை உருவி என் புருவத்தில் வைத்து அழுத்தினாள். வலிக்க வலிக்க அழுத்தினாள். இன்னொரு கையால் என் பின்தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானே" என்றாள். "இதைத்தானே செய்யணும். இதுக்கு என்னடா தெரிஞ்சிருக்கணும்?"

அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாததை, சுடுகாட்டுக்கு உங்களைத் தூக்கிப் போனபோது அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அழுதுகொண்டே, ரத்தம் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. டிவியில் பச்சை ஜந்துக்கள் ஐஸ்கிரீம் வண்டியின் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தன. புருவத்தில் மூன்று தையல் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அவளே போய் ஃப்ளெக்ஸ் கடையில் அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டாள். சிங்கமும் போய்விட்டது. உங்கள் பெயரும் போட்டோவும் மட்டும் இருக்கும். என்னிடம் வந்து சொன்னாள், "ஊரெல்லாம் பொய்யை நம்பிக்கிட்டு இருக்கு. நீதான சொன்ன, நீயே எழுது. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது." மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது இப்ப என்கிட்ட இல்ல செல்வா. இருந்தா தரேன்."

நேற்று சாயங்காலம் அவளே கன்ட்ரோலரை எடுத்தாள். டேப் பிரிந்து தொங்குகிறது, ஆனால் வேலை செய்கிறது. அவள் விழும்போதெல்லாம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவளிடம் ஓடினேன். குனிந்த முதுகில் சுட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் செத்தோம். ஆறாவது கட்டத்தைத் தாண்டவே இல்லை. இனி தாண்டவும் மாட்டோம் என்று நினைக்கிறேன். ஆக, வாசகர்களே, தீர்ப்பு இதுதான்: விழுந்தவரிடம் முதலில் போகிறவனைக் கொல்கிற கேம் இது. சிரிக்கச் சிரிக்கக் கொல்கிறது. கை பழகிவிடும். 'மாமா சொல்றார்' என்ற இடத்தைக் காலியாக விடுகிறேன்.

நாளை மறுநாள் காலை காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் உங்களுக்குத் திதி. பிறகு கோர்ட்டில் கத்திக்காரன் வழக்கு, நான்தான் சாட்சி. முதல் அடி யாருடையது என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன். மூன்றாவது அடியும் நாலாவது அடியும் எதற்கு என்பதையும் சொல்வேன். இனி என் கண்முன்னால் யார் விழுந்தாலும், எனக்கு ஆகாதவனே விழுந்தாலும், முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பேன். இது சத்தியம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும். இருந்தாலும் செய்வேன்.

மார்க்கெட் இரைச்சலில் நீங்கள் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது மாமா. நன்றாகக் கேட்டது.

கூப்பிட்டும் வராத உங்கள் மச்சினன்,
செல்வா
ஸ்ரீரங்கம்